ஒரே ஆவிக்கு எட்டு வேலை

தை, மாசியில் தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டுப் பக்கம் ராத்திரி பஸ்ஸில் போனால் ஜன்னலைச் சாத்த மனசு வராது. கரும்புச் சாற்றை வெல்லமாகக் காய்ச்சும் ஆலைக்கொட்டாய்களில் பாகு காயும் வாசம் ரோட்டு வரைக்கும் வரும். சின்ன வயதில் லீவுக்குத் தாத்தா ஊருக்குப் போனால் எனக்கு அந்தக் கொட்டாயில்தான் குடித்தனம். குழியடுப்பின் மேல் ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு இரும்புக் கொப்பரை. அடுப்பு வாயில் ஒருவர் குந்தி உட்கார்ந்து காய்ந்த சக்கையைத் தள்ளிக்கொண்டே இருப்பார். சாறு சூடேறியதும் வெண்டைத் தண்டை நசுக்கிப் பிழிந்த கொழகொழப்பை ஊற்றுவார்கள். அழுக்கெல்லாம் நுரையாய்த் திரண்டு மேலே வரும்; அதை வழித்து எடுத்துவிடுவார்கள். அப்புறம் வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீர் போகிற வரைக்கும் காய்ச்ச வேண்டியதுதான்.

கொப்பரைக்கு மேலே தகரக் கூரை. குளிர்ந்த ராத்திரிகளில் அந்தத் தகரத்தின் அடிப்பக்கம் வேர்த்து, சொட்டுச் சொட்டாய்த் தலையில் விழும். பாகுக்கு மேலே இருந்து விழுகிறதே, இனிக்கும் என்று நினைத்து ஒருமுறை நாக்கை நீட்டிப் பிடித்தேன். ஒரு ருசியும் இல்லை, வெறும் தண்ணீர். தாத்தாவிடம் சொன்னதும் சிரித்தார். "அது கரும்பு குடிச்ச தண்ணிடா. சக்கரைய கீழ வச்சுட்டு அது மட்டும் மேல போவுது."

கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய ஆலைகளில் ஒரு வகை முழுக்க இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். தண்ணீர் ஆவியாகும்போது தனியாகத்தான் போகும். சர்க்கரை, உப்பு, சுண்ணாம்பு எதையும் கூட்டிக்கொண்டு போகாது. எங்கள் மாவட்டத்தின் பழைய சனியனான ஃபுளோரைடையும் அது கூட்டிப்போகாது.

ஃபுளோரைடு பற்றி இரண்டு வார்த்தை. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் கெட்டிப் பாறை பூமி. ஃபுளோரின் கலந்த கனிமங்கள் அந்தப் பாறைகளில் உண்டு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வருடக்கணக்காகப் பாறை இடுக்கிலேயே கிடப்பதால் அதைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் காவிக்கறை, அளவு ரொம்ப மிஞ்சினால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். நான் படித்த பள்ளிக்கூடத்தில் வெள்ளைப் பல்லோடு சிரித்தவர்களைவிடக் கறைப் பல்லோடு சிரித்தவர்கள்தான் அதிகம். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொடுத்தபின் நிலைமை மாறியிருக்கிறது. ஆனாலும் போர் தண்ணீரை விட்டு யாரும் முழுதாக வெளியே வந்துவிடவில்லை.

இதில் ஒரு கூத்து உண்டு. "தண்ணி சரியில்ல, காய்ச்சிக் குடிங்க" என்பார்கள். கிருமிக்கு அது சரி. ஃபுளோரைடுக்குத் தலைகீழ். ஒரு குடம் தண்ணீரைக் காய்ச்சி முக்கால் குடமாக்கினால், ஒரு குடத்தில் இருந்த ஃபுளோரைடு அத்தனையும் இப்போது முக்கால் குடத்துக்குள் இருக்கிறது. பானையில் மிஞ்சுவதை விட்டுவிட்டு மேலே போகும் ஆவியைப் பிடித்துக் குளிரவைத்தால்தான் நல்ல தண்ணீர்.

அப்படியானால் ஏன் ஊர் ஊராக அதைச் செய்யவில்லை? செலவு. அதுவும் நாம் நினைக்கிற இடத்தில் அல்ல.

ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 293 கிலோஜூல் வெப்பம் போதும். கொதிக்க ஆரம்பித்த அதே தண்ணீரை முழுசாக ஆவியாக்க இன்னும் 2,257 கிலோஜூல் வேண்டும். கிட்டத்தட்ட எட்டு மடங்கு. இதில் வேடிக்கை, இந்த இரண்டாவது தவணை முழுக்கக் கொடுத்து முடிக்கும்வரை தெர்மாமீட்டர் 100-ஐ விட்டு நகராது. சக்கை தள்ளுகிறவர் விடிய விடிய தள்ளுவார், கொப்பரைச் சூடு லேசில் ஏறாது. வெப்பம் எல்லாம் ஆவிக்குள் ஒளிந்துகொண்டு கூரை வழியே போய்விடுகிறது. அதனால்தான் இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

ஒளிந்திருப்பது போய்விட்டது என்று ஆகாது. இட்லிப் பானையில் மாவை வேகவைப்பது அதுதான். ஆவி போய்க் குளிர்ந்த மாவில் பட்டுத் தண்ணீராகிறது. ஆகும்போது அந்த 2,257-ஐயும் அங்கேயே இறக்கி வைக்கிறது. மூடியைத் திறக்கும்போது ஆவி பட்டால் வெந்நீர் பட்டதைவிட மோசமாகக் கை வேகிறதே, அதே காரணம்தான்.

இப்போது கொட்டாய்க்குத் திரும்புவோம். 500 லிட்டர் சாறு காய்ச்சினால் ஏறக்குறைய 100 கிலோ வெல்லம் வரும். மீதி 400 லிட்டர் தண்ணீர், அதற்குள் ஏற்றி வைத்த வெப்பத்தோடு சேர்ந்து வானத்துக்குப் போயிற்று. அந்த ஆவியை ஒரு குழாயில் பிடித்து, பக்கத்தில் இன்னொரு கொப்பரைக்கு அடியில் விட்டால், இன்னொரு சக்கைக் குவியல் இல்லாமலே அந்தக் கொப்பரையும் காயாதா?

காயாது. முதல் கொப்பரையின் ஆவி 100 டிகிரி. இரண்டாவது கொப்பரையின் சாறும் 100 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். சூடு, மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகிற தண்ணீர் மாதிரி. இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் எதுவும் நகராது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் நோர்பர்ட் ரில்லியூ. 1806-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சில் பிறந்தவர்; வெள்ளைக்காரத் தகப்பனுக்கும் கறுப்பினத் தாய்க்கும் பிள்ளை. பாரிசில் பொறியியல் படித்தார். அவர் ஊர்க் கரும்புத் தோட்டங்களில் அப்போது திறந்த கொப்பரைகளை வரிசையாக வைத்து, கொதிக்கும் சாற்றை அகப்பையால் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மொண்டு ஊற்றும் வேலையை அடிமைகள் செய்துகொண்டிருந்தார்கள். வெந்து போனவர்கள் ஏராளம். ரில்லியூ கொப்பரைகளை மூடினார். ஒன்றின் ஆவியை அடுத்ததன் குழாய்களுக்குள் விட்டார். அடுத்ததிலிருந்து காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்தார். 1843-ல் ஒரு காப்புரிமை, 1846-ல் திருத்திய இன்னொன்று.

அழுத்தத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்பது ஓசூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் தெரியும். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேலே கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்னும் மேலே போகப் போக இன்னும் குறையும். மலை ஏறாமலே, மூடிய பாத்திரத்திலிருந்து வேக்குவம் பம்பால் காற்றை இழுத்துவிட்டாலும் இதேதான். அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கீழே போனால் 70 டிகிரியில் கொதிக்கும். பதின்மூன்றில் ஒரு பங்கானால் 40 டிகிரியிலேயே. வெறும் கையை விட்டு எடுக்கலாம் போன்ற சூட்டில் தண்ணீர் குமிழ் விட்டுக் கொதிப்பதைப் பார்ப்பவர்கள் முதல் தடவை நம்ப மாட்டார்கள்.

முதல் கொப்பரை 100-ல், அடுத்தது 90-ல், அதற்கடுத்தது 80-ல் கொதிக்கிற மாதிரி அழுத்தத்தைப் படிப்படியாய் இறக்கிவிட்டால், ஒவ்வொன்றின் ஆவிக்கும் அடுத்தது பள்ளம். ஒரே அடுப்பு, பல கொப்பரை.

பாலக்கோட்டிலும் அரூர் பக்கம் கோபாலபுரத்திலும் இருக்கும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளைப் போன்ற எந்த ஆலைக்குள் போனாலும் ரில்லியூவின் கொப்பரைகள் வரிசையாக நிற்கும். ஆலைக்காரர்கள் அவற்றை 'பாடி' என்பார்கள். முதல் பாடி, கடைசிப் பாடி என்று. ஒவ்வொன்றும் இரண்டு மாடி உயரம். நான் பார்த்த ஆலையில் ஒவ்வொரு பாடியிலும் வட்டமாக ஒரு கண்ணாடி பதித்திருந்தார்கள். முதல் பாடியின் கண்ணாடிச் சட்டத்தில் கை வைக்க முடியவில்லை. கடைசிப் பாடியில் தாராளமாய் வைக்கலாம். உள்ளே தேன் நிறத்தில் கெட்டிச்சாறு அதைவிட ஆக்ரோஷமாய்க் குதிக்கிறது, 55 டிகிரியில். 100 கிலோ சாற்றிலிருந்து 75 கிலோ தண்ணீரை எடுக்க, நான்கு பாடி வரிசைக்கு இருபது கிலோவை ஒட்டிய நீராவி போதும். திறந்த கொப்பரையில் இந்தக் கணக்கு கனவிலும் வராது.

அங்கே பாடியில் குளிர்ந்து விழும் தண்ணீரை ஆய்வகத்துப் பையன் ஒரு சோதனைக் குழாயில் பிடித்து, ஆல்பா நாப்தால் இரண்டு சொட்டு விட்டு, ஓரமாகக் கந்தக அமிலத்தைச் சரித்தான். இரண்டும் சேரும் இடத்தில் ஊதா வளையம் வந்தால் சர்க்கரை கலந்திருக்கிறது. அந்தத் தண்ணீரை பாய்லருக்கு அனுப்பக் கூடாது. அன்றைக்கு வளையம் வரவில்லை. தாத்தா கொட்டாயில் நான் நாக்கை நீட்டிச் செய்ததும் அதே சோதனைதான், கொஞ்சம் மலிவாக.

கரும்புச் சாற்றுக்குப் பதிலாக உப்புத் தண்ணீரை அந்த பாடிகளில் விட்டுவிடுங்கள். நமக்கு இப்போது சர்க்கரை வேண்டாம், ஆவி குளிர்ந்த தண்ணீர்தான் வேண்டும். வளைகுடா நாடுகளில் கடலோரமாக நிற்கும் பல கட்ட ஆவியாக்கிகள் அடிப்படையில் இவ்வளவுதான். கொஞ்சம் வித்தியாசம் உண்டு. கடல்நீரைக் குழாய்களின் மேல் மெல்லிய படலமாய்த் தெளிப்பார்கள். 70 டிகிரிக்கு மேல் சூடேற்ற யோசிப்பார்கள், ஏனென்றால் சூடு ஏற ஏறச் சுண்ணாம்பும் ஜிப்சமும் குழாயில் பொருக்காகப் படியும். எங்கள் ஊர் வாட்டர் ஹீட்டர் காயிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எட்டுக் கட்டம் வைத்தால், ஒரு கிலோ நீராவிக்கு ஏழு கிலோ போல நல்ல தண்ணீர் கிடைக்கும். எட்டு வராமல் ஏழு வருவது, உள்ளே வரும் கடல்நீரைச் சூடேற்றவே கொஞ்சம் வெப்பம் போவதாலும் வழியில் கொஞ்சம் கசிவதாலும்.

அடுப்பு எங்கிருந்து? மின் நிலையத்தின் கதை இங்கேதான் வருகிறது.

எங்களுக்குப் பக்கத்து அனல்மின் நிலையம் மேட்டூர். ஊரை நெருங்கும்போதே புகைபோக்கிகள் தெரியும். அங்கே 210 மெகாவாட் யூனிட்டுகள் நான்கும் 600 மெகாவாட் யூனிட் ஒன்றும் இருக்கின்றன. பொதுவாக ஒரு 210 மெகாவாட் யூனிட்டை எடுத்துக்கொண்டு கைக்கணக்குப் போடுவோம். இந்த வகை நிலையங்கள் நிலக்கரி வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேலே, மின்சாரமாக்கும். அதாவது 210 மெகாவாட் மின்சாரத்துக்கு 600 மெகாவாட் வெப்பம் எரிய வேண்டும். 90 போல புகையோடும் வேறு வழிகளிலும் போகும். மிச்சம் 300 மெகாவாட், டர்பைனைச் சுற்றிவிட்டுக் களைத்து வரும் நீராவியில் இருக்கிறது. அதைக் கண்டென்சரில் குளிரவைத்துத் திரும்பத் தண்ணீராக்கினால்தான் பாய்லருக்கு அனுப்ப முடியும். குளிரவைப்பதென்றால் அந்த 300 மெகாவாட்டையும் யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். கடலோரத்தில் கடலிடம். உள்நாட்டில் ஆற்றிடம், அல்லது குளிர்கோபுரம் வழியாகக் காற்றிடம்.

விற்ற மின்சாரத்தைவிடக் கொட்டிய வெப்பம் அதிகம். 300 மெகாவாட்டை ஒரே ஒரு தடவை தண்ணீரை ஆவியாக்கப் பயன்படுத்தினாலும் நாளைக்கு ஒரு கோடி லிட்டர் வரும். எட்டுக் கட்டமாக்கினால் ஏழரைக் கோடிக்கு மேலே. இதைப் படிக்கிற யாருக்கும் கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. நோட்டில் போட்டுப் பார்த்தபோது கொஞ்சம் அடங்கியது.

சிக்கல் வெப்பத்தின் அளவில் இல்லை, அதன் உயரத்தில் இருக்கிறது. மேட்டூர் அணையையே பாருங்கள். மேலே தேங்கி நிற்கும்போது அந்தத் தண்ணீர் மின்சாரம் எடுக்கும். மின்நிலையத்தைத் தாண்டிக் கால்வாயில் ஓடும்போது தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை, ஆனால் உயரம் தீர்ந்துவிட்டது. வெப்பத்துக்கு உயரம் என்பது டிகிரி. கண்டென்சருக்கு வரும் நீராவி 45 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். டர்பைன்காரர்கள் வேண்டுமென்றே வேக்குவம் வைத்து அதை அவ்வளவு கீழே இறக்குகிறார்கள், கடைசி டிகிரி வரை மின்சாரமாய்ப் பிழிய வேண்டும் என்று. 45-ல் இருப்பதை வைத்து, 30-35 டிகிரி கடல்நீரால் குளிர வைக்கும் வரிசையில் எட்டுப் படிக்கட்டு கட்ட இடமில்லை.

சரி, டர்பைனைக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி 70 டிகிரியில் நீராவியை வெளியே எடுத்துக்கொள்ளலாமே? தாராளமாய். ஆனால் அந்த 25 டிகிரி இறக்கத்தில் டர்பைன் எடுத்திருக்கக்கூடிய மின்சாரம் போச்சு. நம் 210 மெகாவாட் யூனிட்டில் அது 20 மெகாவாட் அளவுக்கு வரும். அந்த 20 மெகாவாட்டை டர்பைனிலேயே விட்டு, அந்த மின்சாரத்தால் கடலோரத்தில் ஆர்.ஓ. (உப்பைத் தடுக்கும் ஜவ்வு வழியே தண்ணீரை அழுத்தித் தள்ளும் முறை) ஓட்டினால்? கடல்நீர் ஆர்.ஓ. இன்றைக்கு ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரத்தில் வேலையை முடிக்கிறது. மூன்றரை என்று வைத்தால் நாளைக்குப் பதின்மூன்று கோடி லிட்டருக்கு மேல். ஆவியாக்கி கொடுத்தது ஏழரைக் கோடி. அதற்குப் பம்பு ஓட்டும் மின்சாரம் வேறு தனி. 'இலவச' வெப்பத்தை ஆர்.ஓ. கிட்டத்தட்ட இரண்டு மடங்கில் அடிக்கிறது. சென்னைக்குத் தண்ணீர் தரும் மீஞ்சூரும் நெம்மேலியும் ஏன் ஆர்.ஓ. ஆலைகளாய் இருக்கின்றன என்பதற்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் போதும்.

கழிவு வெப்பம் என்று யாராவது சொன்னால் நான் இப்போதெல்லாம் முதலில் கேட்கிற கேள்வி, எத்தனை டிகிரி என்பதுதான்.

கல்பாக்கத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்த நிலையத்தில் ஆர்.ஓ. பிரிவு நாளைக்கு 18 லட்சம் லிட்டர், வெப்பப் பிரிவு 45 லட்சம் லிட்டர். வெப்பப் பிரிவில் ஒவ்வொரு கட்டத்திலும் அடுப்பு மாதிரி கொதிக்க வைப்பதில்லை. அழுத்தத்தோடு சூடேற்றிய கடல்நீரை அழுத்தம் குறைந்த அறைக்குள் திடீரென்று விடுவார்கள். உள்ளே நுழைந்ததுமே அதில் ஒரு பகுதி பொசுக்கென்று ஆவியாகும். மிச்சம் அடுத்த அறைக்கு, அங்கே அழுத்தம் இன்னும் குறைவு, மறுபடி பொசுக். நீராவி பக்கத்து அணுமின் நிலையத்திலிருந்து வருகிறது. அணு உலைப் பக்கத்து நீராவி நேராகக் கடல்நீரைத் தொடாதபடி நடுவில் தனியாக ஒரு வெப்பமாற்றிச் சுற்று வைத்திருக்கிறார்கள். உலகத்தில் இதற்கு மூத்தது காஸ்பியன் கடலோரப் பாலைவனத்தில், கஜகஸ்தானின் அக்தாவு நகரம். 1973 முதல் 1999 வரை ஒரு அணு உலை அந்த ஊருக்கு மின்சாரமும் கொடுத்தது, கடல்நீரைக் காய்ச்சிக் குடிக்கவும் கொடுத்தது.

கண்டென்சரின் அந்த 45 டிகிரியை வைத்து ஒன்றுமே செய்ய முடியாதா? முடியும், சென்னையிலேயே செய்திருக்கிறார்கள். தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் முதலில் 2005-ல் லட்சத்தீவின் கவரத்தியில் ஒன்று கட்டியது. கடலின் மேல்மட்டத் தண்ணீர் 28 டிகிரி. 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாய் போட்டு எடுத்த தண்ணீர் 12 டிகிரி போல. மேல் தண்ணீரை நல்ல வேக்குவத்தில் விட்டால் 28 டிகிரியிலேயே கொஞ்சம் ஆவியாகும். ஆழத்துத் தண்ணீர் அந்த ஆவியைக் குளிரவைக்கும். அடுப்பே இல்லை. நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். இதே வித்தையை 2009-ல் வடசென்னை அனல்மின் நிலையத்தில் செய்தார்கள். கண்டென்சரிலிருந்து வெளியேறும் வெதுவெதுப்பான கடல்நீர் மேல் தண்ணீர், சாதாரணக் கடல்நீர் குளிர் தண்ணீர். இடைவெளி பத்து டிகிரிக்குள்தான். நாளைக்கு ஒன்றரை லட்சம் லிட்டர். டர்பைனிடமிருந்து ஒரு டிகிரியும் பிடுங்கவில்லை. ஆனால் இவ்வளவு சின்னப் பள்ளத்தில் ஆயிரம் லிட்டரைச் செலுத்தினால் ஆவியாவது ஏழெட்டு லிட்டர்தான். மிச்சமெல்லாம் சும்மா வந்து சும்மா போகும். அதையெல்லாம் பம்பு தூக்க வேண்டும். நேர்மையான வழி, சோம்பேறி வழி இல்லை.

எங்கள் இரண்டு மாவட்டத்துக்கும் இதில் இன்னொரு இடி. கடல் இல்லை. ஆவியைக் குளிரவைக்கக் குளிர்ந்த ஏதோ ஒன்று வேண்டுமே. உள்நாட்டு மின் நிலையங்களின் குளிர்கோபுரங்களில் இருந்து வெள்ளையாய்க் கிளம்புவது புகை இல்லை, தண்ணீர். முன்னே சொன்ன 300 மெகாவாட்டைக் காற்றிடம் தள்ளிவிட ஒரு நாளைக்கு ஒரு கோடி லிட்டர் அளவுக்கு ஆவியாகிப் போகும், அதுவும் உப்பில்லாத சுத்த ஆவி. கொட்டாயின் தகரக் கூரையைக் கழற்றிவிட்ட மாதிரி.

இந்த விஷயத்தில் எனக்கு நம்பிக்கையைத் திருப்பிக் கொடுத்தவன் என் மாமா பையன். சரக்குக் கப்பல் எஞ்சின் அறையில் வேலை. போன தீபாவளிக்கு வந்தபோது ஆர்.ஓ. கேன் தண்ணீரைக் குடித்துக்கொண்டே சொன்னான்: "மச்சான், நீங்க இதுக்குப் போய் நோட்டு போட்டுக்கிட்டு இருக்கீங்க. நாங்க கப்பல்ல தினம் இதைத்தான் குடிக்கிறோம்."

கப்பலின் டீசல் எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் 80 டிகிரிக்கு மேல் சூடாகி வரும். அதைக் குளிரவைத்தே ஆக வேண்டும். நேராகக் கடலில் விடாமல், ஒரு பீப்பாய் அளவு இயந்திரத்துக்குள் சுற்ற விடுகிறார்கள். உள்ளே வேக்குவம். கடல்நீர் 45 டிகிரியிலேயே கொதிக்கும்; ஆவி மேலே போய் வேறு கடல்நீர் ஓடும் தகடுகளில் பட்டுத் தண்ணீராகும். நாளைக்கு இருபது முப்பது டன். "ஆனா கரைக்குப் பக்கத்துல ஓட்ட மாட்டோம் மச்சான். அங்க தண்ணி அழுக்கு. 45 டிகிரில கிருமி எங்க சாவும்? அல்ட்ரா வயலட் விளக்கு காட்டித்தான் டேங்குக்கு விடுவோம். ருசியே இருக்காது, தாது உப்பு சேப்போம்." இங்கே யாரும் மின்சாரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 80 டிகிரி, வாங்க ஆளில்லாமல் உண்மையிலேயே தெருவில் கிடக்கிற வெப்பம்.

அப்படிக் கிடக்கிற 80 டிகிரி எங்கள் பக்கம் இருக்கிறதா? ஓசூர்த் தொழிற்பேட்டையில் கரண்ட் போனால் உறுமத் தொடங்கும் ஜெனரேட்டர்களைக் கேளுங்கள். 400 கிலோவாட் டீசல் ஜெனரேட்டர் ஒன்றின் ரேடியேட்டர் வழியாக 200 கிலோவாட் போல வெப்பம் வெளியே போகிறது. ரேடியேட்டர் விசிறிக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்றவர்களுக்குத் தெரியும். கப்பல் முறையில், ஒரே கட்டத்தில் காய்ச்சினாலே மணிக்கு 250 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் பன்னிரண்டு. புகைக்குழாயில் இன்னும் சூடு இருக்கிறது, அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கிருஷ்ணகிரியின் மாம்பழக்கூழ் ஆலைகளில் பாய்லரும் உண்டு. கூழைக் கெட்டியாக்குகிற இடங்களில் வேக்குவம் ஆவியாக்கியும் உண்டு, பெங்களூராப் பழத்தின் நிறமும் மணமும் கருகாமல் இருக்க அதுதான் வழி. வேக்குவத்தில் கொதிக்க வைப்பது எப்படி என்று இந்த ஊர் ஃபிட்டர்களுக்குப் புதிதாய்ச் சொல்லித்தர வேண்டியதில்லை. சீசன் இரண்டு மூன்று மாதம்தான் என்பது குறை.

அதற்காக போர் தண்ணீரை நேராக இதில் காய்ச்சச் சொல்ல மாட்டேன். எங்கள் போர் தண்ணீரின் உப்பு கடல்நீரில் ஒரு சின்னப் பங்கு, அதற்கு ஆர்.ஓ. ஆயிரம் லிட்டருக்கு ஓரிரண்டு யூனிட்டில் முடித்துவிடும். காய்ச்சுவதென்றால் ஒரே கட்டத்தில் அறுநூறு யூனிட்டுக்கு மேல் வெப்பம். கிட்டவே நிற்க முடியாது.

ஆனால் ஆர்.ஓ. ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறது. வீட்டு மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக் குழாய் சிங்குக்குள் ஒழுகிக்கொண்டே இருக்குமே, அது. உள்ளே போன தண்ணீரில் பாதிக்கு மேல் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது, உப்பையும் ஃபுளோரைடையும் சுமந்துகொண்டு. அது சாக்கடைக்குப் போய், சாக்கடையிலிருந்து மண்ணுக்குள் இறங்கி, ஒருநாள் அதே போருக்குத் திரும்பும். தெருமுனை ஆர்.ஓ. நிலையத்திலும் இதே கதை, பெரிய குழாயில். அந்தக் கழிவைத் திரும்ப ஆர்.ஓ.வில் விடலாம், இன்னொரு முறையும் விடலாம். உப்பு ஏற ஏற அழுத்தம் எகிறும், ஜவ்வு அடைத்துக்கொள்ளும், ஒரு கட்டத்தில் அது கையை விரித்துவிடும். ஆவிக்கு அந்தக் கவலை இல்லை. தண்ணீரில் உப்பு கொஞ்சமோ கூடவோ, காய்ச்சுகிற செலவு பெரிதாய் மாறாது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் இதைத்தான் செய்கிறார்கள்: முதலில் ஆர்.ஓ., அது கைவிட்டதை ஆவியாக்கியில் விட்டுத் தண்ணீரையும் உப்பையும் தனித்தனியாய் எடுக்கிறார்கள். ரேடியேட்டர் வெப்பத்தை வைத்துக் கடலையே குடிக்க முயல்வதைவிட, ஆர்.ஓ. துப்பிய கடைசிப் பங்கை மட்டும் காய்ச்சுவது எங்கள் ஊர் அளவுக்குப் பொருந்தும்.

அதற்கும் ஒரு முடிவு உண்டு. லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள ஆயிரம் லிட்டர் போர் தண்ணீரிலிருந்து ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் சேர்ந்து 900 லிட்டர் நல்ல தண்ணீரை எடுத்துவிட்டன என்று வையுங்கள். மிஞ்சும் 100 லிட்டரில் லிட்டருக்கு 30 மில்லிகிராம். கொட்டாயில் தண்ணீர் போனபின் மிஞ்சுவது வெல்லம், மண்டியில் அதற்கு விலை உண்டு. இந்த 100 லிட்டரை வாங்க ஆளில்லை. அடியில் கனத்த பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட ஆழமில்லாத தொட்டியில் ஊற்றி, எங்கள் ஊர் பங்குனி வெயிலில் காயவிட்டு, பொருக்காகப் பெயரும் உப்பை மூட்டை கட்டி, மழை படாத இடத்தில் வைக்க வேண்டும்.